துருப்பிடித்த வண்டிக்கு விமானத்து போல்ட்: காஞ்சிபுரத்திலிருந்து புதுப்பேட்டை வரை

அத்தி வரதர் நாற்பது வருஷம் தண்ணீருக்குள் கிடந்துவிட்டுக் குளத்தை விட்டு வெளியே வந்து தரிசனம் தந்த வருஷம் அது. அமெரிக்காக்காரன் மேலே விட்ட ஸ்கைலாப் உடைந்து யார் தலையில் விழுமோ என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆனி மாதம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகன் கம்ப்யூட்டரில் தட்டிப் போடுகிறார். பழைய வண்டிக்கு டைட்டானியம் போல்ட் தேடிப் போகிறவர்களுக்கு இது உதவலாம்.

அப்போது சின்னக் காஞ்சிபுரத்தில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டாளி கன்னியப்பன் பட்டுக்குச் சாயம் போடுகிறவன். ஆசிட் கலந்த சாயத்தில் தோய்த்த பட்டை ஈரத்தோடு தன் மோட்டார் சைக்கிள் பின்சீட்டில் போட்டுக்கொண்டு, பாலாற்று ஊற்றில் அலசச் செவிலிமேட்டுக்குப் போவான். சொட்டுகிற தண்ணீர் பூராவும் போல்ட்டுகள் மேல்தான் இறங்கும். ஆறு மாதத்தில் துரு தின்றுவிடும். மாற்றினால் மறுபடியும் தின்னும்.

ஒருநாள் ஓரிக்கை போகும்போது ஃபுட்ரெஸ்ட் போல்ட் முறிந்து, பின்னால் உட்கார்ந்திருந்த அவன் மனைவி மரகதம் ரோட்டில் விழுந்தாள். எட்டு மாத கர்ப்பிணி. நல்ல வேளை, முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் பிரசவத்துக்கு வாலாஜாபாத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போயாக வேண்டும். பஸ்ஸிலெல்லாம் கூரை வரைக்கும் தரிசனக் கூட்டம்.

"அண்ணே, உங்க கூட்டாளிகிட்ட சொல்லிடுங்க. அந்தத் துருப்புடிச்ச சனியன்ல இனிமே நான் குந்தமாட்டேன்," என்றாள், புருஷனை எதிரில் வைத்துக்கொண்டே.

"அப்ப நடந்தே போறியா?" என்றான் கன்னியப்பன்.

"நடந்துதான் போறேன். நீ பட்ட ஏத்திக்கினு பின்னாடி வா."

மறுநாள் காலை ஐந்து மணி பஸ்ஸில் மெட்ராஸ் கிளம்பினேன். எழுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் நாலு ரூபாய். போர்டு படிக்கத் தெரியாததால் கண்டக்டரைக் கேட்டுத்தான் ஏறுவேன். எதிரில் வந்த வண்டியெல்லாம் காஞ்சிபுரத்துக்கு; எங்கள் பஸ்ஸிலோ தரிசனம் முடித்துத் திரும்புகிறவர்கள் நெரிசல்.

புதுப்பேட்டையில் பழைய இரும்பு விற்கும் பாய் ஒருவரிடம் துருப்பிடிக்காத போல்ட் கேட்டேன்.

"ஸ்கைலாப் விழட்டும்பா, பொறுக்கித் தரேன்," என்று சிரித்தவர், உள்ளே போய் ஒரு தகர டப்பாவோடு வந்தார். உடைத்த விமானத்திலிருந்து கழற்றியவை. "டைட்டானியம். எடைக்கு விக்கிற எனக்கு இதால நஷ்டம்தான்."

ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். கை இரும்பின் கனத்துக்குத் தயாராக இருந்தது, கனம் வரவில்லை. காந்தம் ஒட்டவில்லை. சாணைக்கல்லில் தொட்டுக் காட்டினார். இரும்பென்றால் பொறி மஞ்சளாக வரும். இது வெள்ளை வெளேரென்று கொட்டியது. பக்கத்து லேத்தில் கன்னியப்பன் வண்டிக்குத் தகுந்த மரை போட்டோம். லேத்காரரின் உளி இரண்டு முறை மழுங்கியது. நாலு போல்ட், கூலியோடு இருபத்திரண்டு ரூபாய்.

கன்னியப்பன் நம்பவில்லை. புது நூல் வந்தால்கூட நுனியைச் சாயத்தில் தோய்க்காமல் விலை பேசாதவன். இரண்டு சட்டியில் மிச்சச் சிவப்புச் சாயம் ஊற்றி, ஆசிட்டைக் கூடுதலாகவே விட்டு, ஒன்றில் புது இரும்பு போல்ட்டையும் மற்றதில் இதையும் போட்டான். மறுநாள் காலை இரும்பு கிடந்த சட்டியில் சிவப்பு கறுத்திருந்தது; போல்ட் அரித்துச் சொரசொரத்துப் போயிருந்தது. மற்ற சட்டியில் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. அந்த போல்ட்டை மரகதம் முந்தானையில் துடைத்தாள். உளி இழுத்த கோடுகூட அழியவில்லை.

"குளத்துல கெடந்த பெருமாளாட்டம் இருக்குது," என்றாள் மெதுவாக. பிறகு, "மாட்டுங்க அண்ணே. ஆட்டிப் பாத்துட்டுத்தான் ஏறுவேன்."

ஆட்டிப் பார்த்தாள். ஏறினாள். தரிசனக் கூட்டத்துக்கு எதிராக வண்டி ஊர்ந்தது. நான் சைக்கிளில் பின்னாலேயே போனேன். பள்ளம் வரும்போதெல்லாம் இரண்டு உயிரின் பாரத்தையும் அந்த நாலு போல்ட் மேல் வைத்து எழும்பி எழும்பி உட்கார்ந்தாள். நான் அவள் பாதங்களைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. வாலாஜாபாத்தில் பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம்.

வாங்கப் போகிறவர்கள் பையில் ஒரு காந்தம் போட்டுக்கொள்ளுங்கள். மரையில் கிரீஸ் தடவாமல் முறுக்கினால் டைட்டானியம் கவ்விக்கொள்ளும். அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பிரேக்குக்கும் ஆக்சிலுக்கும் பழைய போல்ட் வேண்டாம். அது முன்பு என்னென்ன பாரம் தாங்கியதோ, யாருக்குத் தெரியும்.

பாய் போய்விட்டார், லேத்காரரும் போய்விட்டார். கன்னியப்பன் போயும் பல வருஷமாகிறது. அன்று அந்த போல்ட்டைக் கையால் தொட்டவர்களில் என்னைத் தவிர இன்று உயிரோடு இருப்பது மரகதம் ஒருத்திதான்.