செருப்பைக் கழற்றும் கரடி

ஒரு ஆளைக் கரடியாக வரைந்துவிட்டால் அவருக்கே அடையாளம் தெரியாது என்று நம்பினேன். அதிலும், விடிவதற்கு முன்பே லாரி இறக்கப் போகிற வெங்காய மண்டிக்காரர் குழந்தைகள் டிவி எங்கே பார்க்கப் போகிறார்? ஐம்பதை நெருங்குகிற மூளை யோசித்தது இது.

ஸ்ரீரங்கத்து மாடியறையில் ஒரே மேசையில் எனக்கு மூன்று பிழைப்பு. வாரப் பத்திரிகைக்குக் கார்ட்டூன். அதைப் பார்த்து யாராவது கோபப்பட வேண்டும். விளம்பரம், அதைப் பார்த்து யாரும் கோபப்படக் கூடாது. சென்னை சேனல் ஒன்றுக்குக் குழந்தைகள் அனிமேஷன் தொடர். அதில் யாராவது தொபுக்கென்று விழ வேண்டும். மூன்றும் கலக்காத வரைக்கும் நான் மேதை.

காந்தி மார்க்கெட் மண்டிக்காரருக்குப் பத்து வருஷமாகக் காலண்டரும் தீபாவளி விளம்பரமும் போட்டுத் தருகிறேன். பெரிய பார்ட்டி போன் செய்தால் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, எழுந்து நின்றுதான் பேசுவார். பத்து வருஷமாகச் சிரிப்பை அடக்கியிருந்தேன். தொடரில் ஒரு கடைக்காரக் கரடி தேவைப்பட்டது. போன் அடித்தது, கரடி செருப்பைக் கழற்றியது. அதோடு விட்டிருக்கலாம். சிரிப்பு போதாது என்று, முயலுக்கு வெங்காயம் நிறுக்கும்போது கரடி தராசைக் கட்டைவிரலால் அழுத்துவது போலவும் எழுதித் தொலைத்தேன்.

ஒளிபரப்பான மறுநாள் மண்டிக்காரரே கூப்பிட்டார்.

"ஆர்ட்டிஸ்ட் சார், உங்க கரடியப் பாத்தேன். வியாழக்கிழமை மத்தியானமா வாங்க. கடையில யாரும் இருக்க மாட்டாங்க."

யாரும் இருக்க மாட்டார்கள்! அதாவது, சாட்சி கிடையாது.

"அடிப்பாரோ?" என்றேன் மனைவியிடம்.

"வீட்ல வெங்காயம் தீந்துபோச்சுங்க. அடி வாங்கிட்டு அப்படியே ரெண்டு கிலோவும் வாங்கிட்டு வந்துருங்க."

உடனே சேனல் தயாரிப்பாளருக்குச் செய்தி அனுப்பினேன்: கரடியைக் காசிக்கு அனுப்பிவிடலாம். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. "தாராளமா சார். அதுக்குத்தான் ரோமம் ஜாஸ்தி, அனிமேஷன் பண்றவங்க தினமும் திட்டுறாங்க." என் கரடிக்காக ஒருத்தர்கூட அழவில்லை.

வியாழக்கிழமை அவர் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அது வந்து... பொதுவான ஒரு கரடி."

"பொதுக் கரடி செருப்பக் கழட்டுமா சார்?"

கீழே கிடந்த வெங்காயச் சருகைக் காலால் ஒதுக்கினேன்.

"செருப்பு கெடக்கட்டும். எம் பேத்திக்கு அதான் புடிச்சிருக்கு. வீட்ல நான் போன் எடுத்தா ஓடியாந்து செருப்ப உருவிட்டுப் போறா." சிரித்தவர், குரலை இறக்கினார். "ஆனா, நான் எப்ப சார் தராசுல வெரல வெச்சேன்? 'தாத்தா, நீ முயல ஏமாத்துனியா'ங்குறா. அவளுக்கு நான் என்ன சொல்ல?"

எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு நேராகவே சொன்னேன்.

"நீங்க வெக்கல அண்ணே. சிரிப்புக்காக நானா சேத்தது. தப்புதான்."

"அப்ப அதையும் டிவியிலயே சொல்லுங்க" என்றவர், எனக்கு இரண்டு கிலோ நிறுத்தார். முள் நேராக நின்றது. பிறகு, பத்து வருஷமாகச் செய்கிற மாதிரியே, ஒரு கை அள்ளிக் கொசுறாகப் பையில் போட்டார். போட்ட கையை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

தெருவுக்கு வந்ததும் தயாரிப்பாளரைக் கூப்பிட்டேன். "கரடி போக வேண்டாங்க."

"இந்த வார எபிசோட்ல ரயில் ஏத்தியாச்சே சார்!"

அந்த வாரம் கரடி ரயிலில் போனது. அடுத்த வாரம், ஏன் என்று யாருக்கும் சொல்லாமல் திரும்பி வந்தது. "அன்னிக்கு எடை தப்பு" என்று முயலிடம் சொன்னது. இரண்டு கையையும் தூக்கிக் காட்டிவிட்டு எடை போட்டது. ஒரு கை வெங்காயம் கூடப் போட்டது.