டுசல்டார்ஃபும் தாசில்தாரும்

எங்கள் பள்ளிக்கூடம் ஆந்திரத்தில் இருந்தது. பாடம் தமிழில் நடந்தது. நாளைக்கு எந்த ராஜ்யத்தில் இருக்கும் என்று எவருக்கும் தெரியாது. மெட்ராஸ் ராஜ்யத்தோடு எல்லைப் பேச்சு இழுத்துக்கொண்டே போன காலம். புத்தூர் தாலுகாவின் ஓரத்து ஊர். காற்று மட்டும் யாரையும் கேட்காமல் இரு பக்கமும் போய்வந்தது. நான் தற்காலிக வாத்தியார். இன்ஸ்பெக்டர் வந்து பாடத்தைக் கேட்டு, சரி என்றால்தான் வேலை நிரந்தரம்.

அவர் வந்த அன்று பார்த்தா அந்தப் பாடம் வாய்க்க வேண்டும்? ஜெர்மனியின் டுசல்டார்ஃப் ஜில்லா!

தொண்டை வற்றச் சொன்னேன். ரைன் நதி, அதில் வந்து விழும் ரூர் நதி, மண்ணுக்கடியில் நிலக்கரி, மேலே புகை, புகைக்கடியில் எள் விழ இடமில்லாத ஜனம். பிரஷ்ய ராஜா வகுத்த ஜில்லா. ராஜா போனார், ராஜ்யமும் போயிற்று. போரில் ஜெயித்தவர்கள் புது மாகாணம் உண்டாக்கினார்கள். ஜில்லா மட்டும் நின்றது.

முன்வரிசைப் பெண் எழுந்தாள். "சார், அந்தத் தாசில்தார் ஜில்லா..."

"தாசில்தார் இல்லம்மா. டுசல்டார்ஃப்."

"அதான் சார், தாசில்தாரு. அவரு எந்தப் பக்கம் போறாரு? எங்க நைனா கேட்டுக்கினு வரச் சொன்னாரு."

தூங்கிய வகுப்பு விழித்துக்கொண்டது.

"மெட்ராசுக்குத்தான்!"

"தூ, ஆந்திராதான்டா!"

"அப்போ எங்க ஊடு அங்க, மாடு இங்கயா?"

ஜெர்மனி கரும்பலகையில் அநாதையாகக் கிடந்தது. தலையில் அடித்துக்கொள்ளக்கூடக் கை ஒழியவில்லை. ஒன்றில் சாக்பீஸ், ஒன்றில் பிரம்பு.

தெலுங்கரான இன்ஸ்பெக்டர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். தொலைந்தேன் என்று போனேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஏமண்டி மாஸ்டாரு, திருத்தணி எந்தப் பக்கம் போவுது? ஏதாச்சும் தெரியுமா? எங்க வீடு அங்கதான் இருக்குது."

"தெரியாதுங்க. என் வேலை?"

"பாடம் பாக உந்தி, நல்லாத்தான் சொன்னீங்க. ஆனா உங்க ஸ்கூல் எந்த ராஜ்யம்னு முடிவாகட்டும். அதுக்கு முன்னால எந்த ராஜ்யத்து வேலையை உங்களுக்கு நான் குடுக்கிறது, சொல்லுங்க?"

உள்ளே திரும்பினேன். ராஜ்யமே அழிந்தும் அழியாத அந்த ஜில்லாவை டஸ்டரால் ஒரே வீச்சில் அழித்தேன்.

"பாடம் முடியலியே சார்" என்றாள் அதே பெண்.

"போய் உங்க தாசில்தாரைக் கேளு" என்றேன்.