புத்தாண்டுக்குள் ஒரு முழங்கால்

டயரை ஒரு கட்டையால் ஓங்கித் தட்டி, காதைச் சாய்த்து ஓசையைக் கேட்டுவிட்டு அடுத்த டயருக்கு நகர்கிறார் டொரீன் ஹூக்ஸ்ட்ரா. இப்போதுதான் விடிந்திருக்கிறது. அமெரிக்க மாநிலமான அயோவாவின் குளிரில் அவருடைய மூக்கு நுனி சிவந்து கிடக்கிறது. மஞ்சள் பள்ளிப் பேருந்தை அவர் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள், போன மாதம் வேலைக்குச் சேர்ந்த ஓட்டுநர் ஜெனெல் எதிர்ப்படுகிறாள். காலை வணக்கம் கிடையாது. நலமா என்ற விசாரிப்பும் கிடையாது.

"இன்ஷூரன்ஸ் பேப்பர்ல கையெழுத்துப் போட்டியா இல்லையாடி?"

யாரைப் பார்த்தாலும் டொரீனுக்கு முதலில் வாயில் வருவது இதுதான். பக்கத்துப் பண்ணைப் பெண்ணின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கையைக் குலுக்கியபடியே, "உங்க வேலையில பல்லுக்கும் சேர்த்துக் குடுக்கறாங்களா தம்பி?" என்று கேட்டவர் அவர். மாப்பிள்ளை விழித்தான். "பின்ன? இந்த நாட்டுல பல்லும் கண்ணும் உடம்போட சேர்ந்தது இல்ல. அதுக்கெல்லாம் தனியா வாங்கணும். கடவுள் சேர்த்து வெச்சதைக் கம்பெனிக்காரன் பிரிச்சு வெச்சிட்டான்" என்று சொல்லிவிட்டு கேக் எடுக்கப் போய்விட்டார்.

டொரீன் பேருந்து ஓட்டுவது சம்பளத்துக்காக அல்ல. அவரும் கணவர் வெண்டலும் சோளமும் சோயாவும் விளைவிக்கிறார்கள். சொந்த நிலத்தில் உழைப்பவருக்கு முதலாளி கிடையாது. முதலாளி இல்லாதவர் மருத்துவக் காப்பீட்டைத் தன் கைக்காசில் வாங்க வேண்டும்; அந்த விலையைக் கேட்டாலே காய்ச்சல் வரும். அதனால் அந்த வட்டாரத்துப் பண்ணை வீடுகள் பலவற்றில் ஒருவர் டிராக்டர் ஓட்டினால் மற்றவர் பள்ளிக்கூடத்திலோ அஞ்சலகத்திலோ குடும்பத்துக்கே காப்பீடு தரும் வேலை பார்ப்பார். பேருந்து ஓட்டும் நேரம் மட்டும் காப்பீட்டுக்குப் போதாது என்று தெரிந்ததும், நடுப்பகலில் பள்ளிச் சமையலறையில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசியல் பரிமாறும் வேலையையும் டொரீன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"வெண்டலை நீ காதலிச்சுக் கட்டிக்கிட்டியா, இல்ல அவன் உன்னைக் காப்பீட்டுக்காகக் கட்டிக்கிட்டானா?" என்று பேருந்துக் கொட்டகையின் மெக்கானிக் லைல் சீண்டுவார்.

"கட்டிக்கிட்டப்போ காதல்தான். முட்டி தேஞ்ச பிறகு எல்லாருக்கும் காப்பீடுதான்!"

ஒருநாள் காப்பி வேளையில் ஜெனெல் தெரியாத்தனமாக ஒரு கேள்வி கேட்டுவிட்டாள். "எனக்கு நோவு வர்றதுக்கும் நான் பாக்குற வேலைக்கும் என்ன சம்பந்தம்? யாரு இப்படி முடிச்சுப் போட்டது?"

லைல் தலையில் கை வைத்துக்கொண்டார். டொரீன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"டெக்சாஸ்ல வாத்தியாருங்க கொஞ்சப் பேர் மாசம் அரை டாலர் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கட்டி வெச்சாங்க. யாராவது படுத்தா அவங்களைச் சேர்த்துக்கணும். அதுதான் விதை. அப்புறம் ரெண்டாம் உலகப் போர். ஆளுங்க எல்லாம் சண்டைக்குப் போயாச்சு. சம்பளத்தை இஷ்டத்துக்கு ஏத்தக் கூடாதுன்னு அரசாங்கம் கட்டளை போட்டிருச்சு. முதலாளி என்ன பண்ணுவான்? 'சம்பளம் ஏத்த முடியாது, உன் ஆஸ்பத்திரிச் செலவை நான் பாத்துக்கறேன், வா'ன்னான். போர் முடிஞ்சும் அந்தப் பழக்கம் போகல. எங்கப்பா டிராக்டர் ஃபேக்டரியில சேர்ந்ததே அதுக்குத்தான். அப்புறம் அறுபத்தஞ்சு வயசு ஆனவங்களுக்கு அரசாங்கம் ஒண்ணு குடுத்துச்சு. ஏழைங்களுக்கு இன்னொண்ணு. ரொம்ப காலம் கழிச்சு இன்னொரு சட்டம், ஏற்கெனவே வியாதி இருக்குன்னு சொல்லி யாரையும் விரட்டக் கூடாதுன்னு. மொத்தத்துல வரைபடம் இல்லாம, பிள்ளை பொறக்கப் பொறக்க ரூம் ஒட்டிக் கட்டுன வீடு இது. சமையலறைக்குப் போகணும்னா குளியலறை வழியா போகணும்."

"மூச்சு விடு டொரீன்" என்றார் லைல்.

காப்பீட்டின் மற்ற விவரங்களை விளக்க டொரீனுக்குத் தேவாலயத்துக் கூட்டு விருந்து போதும். அங்கே ஞாயிறுதோறும் ஆளுக்கு ஒரு பண்டம் கொண்டுவந்து பொது மேசையில் வைப்பார்கள்.

"உனக்குப் பசி இருக்கோ இல்லையோ, நீ கொண்டுவர்ற பண்டம்தான் பிரீமியம். ஆனா வந்ததும் மேசைக்குப் பாய முடியாது. உன் வீட்டு டப்பாச் சோத்தை முதல்ல நீயே தின்னு தீக்கணும். அதுக்குப் பேரு டிடக்டிபிள், அந்தத் தொகை வரைக்கும் ஆஸ்பத்திரிச் செலவு உன் கைக்காசு. டப்பா காலியானாதான் உன் குடும்பத்துக்கு மேசை திறக்கும். அதுவும் நம்ம மேசையிலதான் சாப்பிடணும். வேற சர்ச்சுல, அதாவது கம்பெனிப் பட்டியல்ல இல்லாத ஆஸ்பத்திரியில, போய்த் தட்டை நீட்டினா நெட்வொர்க்குக்கு வெளியன்னு துரத்திருவாங்க."

இந்த ஆண்டு ஹூக்ஸ்ட்ரா குடும்பத்தின் டப்பா வசந்தத்திலேயே காலியாகிவிட்டது. வெண்டல் டிராக்டர் படியிலிருந்து வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். உள்ளே தகடு வைத்தார்கள். மருத்துவமனையில் கணவரின் தலையை வருடிக்கொண்டே டொரீன், "பரவாயில்ல, இதோட சேர்த்து உன் முழங்காலையும் மாத்திரலாம்" என்று மகிழ்ச்சியாகச் சொன்னதைத் தாதியர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

வெண்டலின் வலது முழங்காலில் எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. காப்பீட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்டி டொரீன் அறுவைக்கு முன் அனுமதியும் வாங்கிவிட்டார். வெண்டல் மட்டும் பிடி கொடுக்கவில்லை. "அறுவடை முடியட்டும்" என்றார். அந்த இலையுதிர் காலம் முழுவதும் மழை. சோளம் நின்றபடியே நனைந்தது.

நவம்பரில் ஒரு சாப்பாட்டு வேளையில் வெண்டல் பெருமையோடு அறிவித்தார். "நானே டாக்டர் ஆபீசுக்குப் போன் போட்டுட்டேன். தேதி குடுத்துட்டாங்க."

டொரீனின் முகம் மலர்ந்தது. "என்னைக்கு?"

"ஜனவரி அஞ்சு. அறுவடையும் முடிஞ்சிருக்கும், உன் கிறிஸ்துமஸும் கெடாது."

டொரீன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தேன். என் மேசையில உக்காந்து திங்கற மனுஷனுக்கு எடுக்கல பாரு!"

"ஏன்? அதான் கட்ட வேண்டியதை எல்லாம் கட்டியாச்சே?"

"ஜனவரி ஒண்ணாந்தேதி டப்பாவை மறுபடியும் நிரப்பிக் கையில குடுத்துருவாங்கய்யா! முதல் பருக்கையிலேர்ந்து ஆரம்பிக்கணும்!"

வெண்டல் மெல்லுவதை நிறுத்தினார்.

மறுநாளிலிருந்து டொரீன் அந்த அலுவலகத்துக்குப் போன் போடத் தொடங்கினார். டிசம்பரில் ஓர் இடமும் இல்லை. டப்பா காலியான குடும்பங்கள் எல்லாம் ஆண்டுக் கடைசியில்தான் முழங்காலையும் இடுப்பையும் நினைத்துக்கொள்கின்றன. பள்ளிச் சமையலறையில் டொரீன் ஒரு கையில் உருளைக்கிழங்குக் கரண்டியும் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனுமாக நிற்பார். எதிர்முனையில் தேதி கொடுக்கும் பெண்ணுக்கு அவர் குரல் பழகிப்போய்விட்டது. "இன்னைக்கும் யாரும் ஆப்பரேஷனுக்குப் பயந்து ஓடலைங்க, டொரீன்" என்பாள்.

நவம்பர் கடைசியில் வரும் நன்றி அறிவிப்பு நாள் முடிந்த வாரம் ஒருவர் பயந்து ஓடினார். அடுத்த செவ்வாய்க்கிழமை இடம் காலி.

"செவ்வாயா? வடக்குக் காட்டுல சோளம் அப்படியே நிக்குது. அதை விட்டுட்டு நான் வர மாட்டேன்" என்று வெண்டல் ஒரே பிடியாக நின்றார். டொரீன் அவரோடு சண்டை போடவில்லை. கொட்டகையில் டயரைத் தட்டும்போது, கொஞ்சம் சத்தமாகவே, வெண்டலின் பிடிவாதத்தை லைலிடம் சொன்னார்.

சனிக்கிழமை காலை, தரை உறைந்து கெட்டியாக இருந்தது. சாலையில் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களின் அறுவடை இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வடக்குக் காட்டில் இறங்கின. பின்னாலேயே தானிய லாரிகள். ஜெனெல் பெரிய பானையில் பீன்ஸும் இறைச்சியும் போட்ட மிளகாய்க் குழம்பையும், தட்டு நிறைய இலவங்கப்பட்டை ரொட்டியையும் கொண்டுவந்து இறக்கினாள். வெண்டல் ஊன்றுகோலோடு வேலியோரம் நின்று, "ஓரத்துல மெதுவாத் திருப்புங்கடா! அது வடிகால்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"போய் உக்காருய்யா. உன் முட்டியை விட உன் சோளம் தெம்பா நிக்குது" என்றார் லைல்.

"டீசலுக்காவது காசு வாங்கிக்கங்க."

"ஒண்ணும் வேணாம். நாங்க எல்லாம் நெட்வொர்க்குக்குள்ள இருக்கறவங்க!"

பொழுது சாய்வதற்குள் வடக்குக் காடு வெறும் அறுத்த அடித்தாளாகிவிட்டது. வெண்டல் ஊன்றுகோலை ஊன்றி வேலியை விட்டு வந்தார். பிறகு டொரீனைப் பார்த்து, "செவ்வாய் எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றார்.

செவ்வாய்க்கிழமை மருத்துவர் வெளியே வந்து, முழங்கால் நன்றாகப் பொருந்திவிட்டது, நாளைக்கே நடக்க வைப்போம் என்றார். டொரீன் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார். கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டார். பிறகு நேராகத் தேதி கொடுக்கும் பெண்ணின் மேசைக்குப் போய் நின்றார். இத்தனை நாள் குரலாக மட்டும் தெரிந்த அந்தப் பெண் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சே டொரீன், இன்னும் என்ன?"

"அவருக்கு முடிஞ்சுது கண்ணு. வருஷம் முடியலையே?"

டொரீன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இத்தனை ஆண்டுகளாகப் பேருந்துக் கதவின் நெம்புகோலை இழுத்துத் திறந்த தன் வலது கையை மெல்லத் தூக்கிக் காட்டினார். அது தோள் உயரம் வரை வந்து, அங்கேயே நின்றது.