கூடவே வந்த பதினொன்று

எனக்கு ஞாபகமறதி அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். சிலிண்டர் பதிந்த நாள் மறந்துபோகும், கரண்ட் பில் மறந்துபோகும். ஆனால் என்னை ஒரு சொல் சொன்னவர்களை நான் மறந்ததே கிடையாது. எந்த இடத்தில் சொன்னார்கள், சுற்றி எத்தனை பேர் நின்றார்கள், அன்றைக்கு நான் என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தேன் என்பது வரைக்கும் சொல்வேன். இது அப்படி ஒரு ஆளைப் பற்றியது. கூடவே ஒரு மென்பொருளைப் பற்றியது. இரண்டையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

விளாங்குடி தாண்டி, திண்டுக்கல் ரோட்டில் ஒரு எடை மேடையில் எனக்கு வேலை. லாரி மேடையில் ஏறி நிற்கும். மேடைக்குக் கீழே குழியில் இருக்கிற கருவிகள் எடையை வாங்கி என் அறையில் உள்ள பெட்டிக்கு அனுப்பும். பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடி நிற்கும். பெட்டியிலிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகிறது. நான் ஒரு பட்டனைத் தட்டினால் எடைச்சீட்டு அச்சாகி வரும். சீட்டின் அடியில் என் பெயர் இருக்கும், ஏனென்றால் கம்ப்யூட்டருக்குள் நான் என் பெயரில்தான் நுழைவேன். ஒன்பது வருடமாக அந்தப் பெயரைப் பார்த்து நெல் மூட்டையும் எம்-சாண்டும் பழைய இரும்பும் கைமாறிக்கொண்டிருந்தன. எனக்கு அதில் கர்வம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் இல்லை, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ். முதலாளியின் அக்கா மகன் படிக்கிற காலத்தில் போட்டுக் கொடுத்தது. பிறகு அவன் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டான். போகிறபோது நாலைந்து கட்டளைகளை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்து, “அப்டேட் கேட்டா குடுத்துருங்கக்கா, ஒண்ணும் ஆகாது” என்றான். கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் கேட்டது. புதுப்பிக்க வேண்டியவை மூன்று என்று காட்டியது. அதற்குக் கீழே, இவற்றுக்குத் துணையாக இன்னும் பதினொன்று புதிதாக ஏறும், சம்மதமா என்று கேட்டிருந்தது. விசேஷத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டால் வேன் பிடித்து ஆட்களோடு வந்து இறங்குவார்களே, அந்த மாதிரி. நான் வறுகடலை உரித்துக்கொண்டிருந்தேன். பட்டியலைப் படிக்காமல் சம்மதத்துக்கான எழுத்தைத் தட்டினேன்.

திங்கட்கிழமை காலையில் முதல் லாரி ஏறியது. பெட்டியில் எடை சரியாக நின்றது. கம்ப்யூட்டர் திரையில் ஒன்றும் இல்லை. கருவியையே காணோம் என்றது. அணைத்துப் போட்டேன், கேபிளைக் கழற்றி மாட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. வேறு வழியில்லாமல் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தேன். கையால் எழுதின சீட்டை எந்த மில்லிலும் வாங்க மாட்டார்கள். எடையைக் கூட்டி எழுதலாம், குறைத்து எழுதலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். மதியத்துக்குள் பாதி வண்டிகள் அடுத்த எடை மேடைக்குப் போய்விட்டன.

செவ்வாய்க்கிழமை சர்வீஸ்காரன் வந்தான். மேடையைப் பராமரிக்கிற கம்பெனியின் ஆள், திருநகர் பக்கம் வீடு, என்னைவிடப் பத்து வயது இளையவன். கேபிளை மீட்டர் வைத்துப் பார்த்தான். பெட்டியைத் திறந்து பார்த்தான். பிறகு வாசலில் வந்து நின்றான். முதலாளி இருந்தார். நான்கு டிரைவர்கள் இருந்தார்கள். நான் பச்சைச் சேலை.

“பொட்டி நல்லா இருக்குண்ணே, கேபிளும் நல்லா இருக்கு. கையால சீட்டு எழுதுனா யாருக்கு லாபமோ அவுகளத்தான் கேக்கணும்” என்றான்.

நான்கு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒரு வயதான டிரைவர், மேலூர்ப் பக்கமிருந்து நெல் ஏற்றி வருகிறவர், அவர் மட்டும் பொறுக்காமல், “ஏப்பா, அந்தப் புள்ளைய ஒம்பது வருசமா எங்களுக்குத் தெரியும். பாத்துப் பேசு” என்றார்.

“நான் யாரையும் சொல்லலண்ணே. பொதுவாச் சொன்னேன்.”

இந்தப் பொதுவாகச் சொல்கிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. திருடி என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நானும் நேராக நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பொதுவாகச் சொன்னதற்கு என்ன பதில் சொல்வது?

முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம்மா. சரியாகலன்னா சர்வீஸ் கம்பெனிய அவுக கம்ப்யூட்டரையும் அவுக ஆளையும் போட்டுக்கிறச் சொல்லுவோம். நீ கொஞ்ச நாளைக்கு வீட்டுல இரு.” வேலை போனால்கூட வேறு வேலை தேடலாம். எடையில் கை வைத்தவள் என்ற பேச்சு போகிற இடமெல்லாம் பின்னாலேயே வரும். எந்த எடை மேடையிலும் என்னை உள்ளே விட மாட்டார்கள்.

அன்று ஆனையூரில் இருக்கிற வீட்டுக்கு பஸ்ஸில் போகும்போதே முடிவு செய்துவிட்டேன். இந்தச் சர்வீஸ்காரனை விடக்கூடாது.

புதன்கிழமை ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்தேன். எது எந்த நாளில் ஏறியது, எது போனது என்று லினக்ஸ் ஒரு கோப்பில் குறித்துவைக்கும். முதலாளியின் அக்கா மகன் கொடுத்த நோட்டில் அதைப் பார்ப்பதற்கும் வழி எழுதியிருந்தது. சனிக்கிழமை வந்த பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் போனில் தேடிப் பார்த்தேன். ஏழாவதுதான் ஆள். ஆங்கிலத்தில் ஆறெழுத்து, வாயில் நுழையாத பெயர். பார்வையில்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கிற புள்ளிக் கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைப்பது அதன் வேலை. வேண்டியவர்களுக்கு அது பெரிய உதவி, அதில் எனக்குச் சண்டை கிடையாது. ஆனால் என் கேபிளில் இருக்கும் சிப்பும் அந்தக் கருவிகளில் இருப்பதும் ஒரே ரகமாம். அதனால் என் எடைப் பெட்டியைப் புள்ளிக் கருவி என்று நினைத்துக் கேபிளைப் பிடித்து வைத்துக்கொண்டது. எடை மேடையில் இதற்கு என்ன வேலை? இதை யார் கூப்பிட்டார்கள்?

ஒரு வரிக் கட்டளை. அதை நீக்கினேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். மேடையில் நின்றிருந்த தண்ணி லாரியின் எடை திரையில் வந்து நின்றது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உடனே முதலாளிக்குப் போன் செய்திருக்க வேண்டும். போனைக் கையில்கூட எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் சர்வீஸ்காரனுடைய பைக் வந்து நின்றது. உள்ளே வரவில்லை. ஜன்னல் வழியாகவே, “அக்கா, இன்னிக்கு மேடைக்குக் கீழ எறங்கிப் பாக்குறேன். குழிக்குள்ள யாராச்சும் வயர நோண்டியிருக்காகளான்னு தெரிஞ்சிரும்” என்றான்.

“நல்லாப் பாருங்க தம்பி. எம்புட்டு நேரமானாலும் பாருங்க” என்றேன்.

அவன் சட்டையைக் கழற்றி பைக்கில் போட்டுக்கொண்டிருக்கும்போதே நான் இன்னொரு வரியைத் தட்டினேன். நீக்கியதைத் திரும்ப ஏற்றினேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். திரை பழையபடி வெறுமையானது. நீக்கியதிலிருந்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

கத்திரி வெயில் காலம். முந்தின வாரம் பெய்த கோடை மழைத் தண்ணீர் குழிக்குள் கணுக்கால் அளவுக்குச் சேறாகக் கிடந்தது. தவளைகள் இருந்தன, செத்த எலி ஒன்றும் கிடந்தது. மேலே இரும்புத் தகடு தோசைக்கல் மாதிரி காய்ந்தது. அதற்குள் அவன் புதன்கிழமை முழுக்க ஊர்ந்தான், வியாழக்கிழமையும் ஊர்ந்தான். அவன் தலை இரும்பில் இடிக்கிற சத்தம் அவ்வப்போது அறைக்குக் கேட்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? டீ சொல்லி, இரண்டு வடை வாங்கி, ஜன்னல் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். அந்த வடையின் ருசி வேறு எந்த வடைக்கும் இல்லை.

வியாழக்கிழமை மதியம் அந்த வயதான டிரைவர் லோடோடு திரும்பி வந்தார். கைச்சீட்டு செல்லாது என்று மில்லில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். காலையிலிருந்து சாப்பிடவில்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வேப்பமர நிழலில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து, “ஏத்தா, இன்னிக்காச்சும் மிசின் சீட்டு கெடைக்குமா?” என்று கேட்டார்.

ஒரு நிமிட வேலை. எனக்காகப் பேசிய ஒரே மனிதர். ஜன்னலுக்கு வெளியே குழிக்குள்ளிருந்து அவனுடைய இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

“நாளைக்கு வாங்கண்ணே” என்றேன்.

அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். இதை மட்டும் என்னால் இன்றுவரை நியாயப்படுத்த முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு முதலாளி வந்தார். டிரைவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். சர்வீஸ்காரன் முழங்கை வரை சேற்றோடு நின்று, குழியில் எல்லாம் சரியாக இருக்கிறது, எதற்கும் பெட்டியையும் கம்ப்யூட்டரையும் மாற்றிவிடலாம் என்றான். நான் இதற்காகவே இரண்டு நாள் காத்திருந்தேன்.

“அண்ணே, ஒரு நிமிசம்” என்றேன்.

எல்லோரும் பார்க்க அந்த ஆறெழுத்தை நீக்கினேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். எடை வந்தது. சீட்டை அச்சடித்து, முதலாளியிடம் கொடுக்காமல் அவனுடைய சேற்றுக் கையில் கொடுத்தேன். “பொதுவா அப்டேட் போட்டா இந்த மாதிரி ஆகுறதுதான் தம்பி” என்றேன். டிரைவர்கள் சிரித்தார்கள். அவன் முகம் கறுத்துப்போனது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

முதலாளி கேட்டார்: “இத உள்ள விட்டது யாரு?”

“யாரும் விடலண்ணே, அப்டேட்டோட சேந்து வந்துருக்கு. எல்லாம் பதிவாகியிருக்கு, இந்தா பாருங்க” என்று வெற்றிக் களிப்பில் அந்தக் கோப்பைத் திறந்தேன். புதன்கிழமை காலையில் அதை நான் திறந்தபோது சனிக்கிழமைதான் கடைசி. அதற்குப் பிறகு நான் செய்ததையும் அது எழுதி வைத்திருக்கும் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

முதலாளி கண்ணாடி கொண்டுவரவில்லை. சர்வீஸ்காரன் குனிந்தான். அவன் விரல் திரையில் சேற்றுக் கோடு இழுத்துக்கொண்டே கீழே இறங்கியது. சனிக்கிழமை, ஏற்றியது. புதன்கிழமை காலை, நீக்கியது. அதே புதன்கிழமை, ஐந்து நிமிடம் கழித்து, திரும்ப ஏற்றியது. ஒவ்வொன்றிலும் கட்டளை கொடுத்தவர் யார் என்று ஒரு வரி. அதில் என் பெயர்.

விரல் அங்கே நின்றது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“என்னப்பா போட்டுருக்கு?” என்றார் முதலாளி.

அவன் என்னைவிட்டுக் கண்ணை எடுக்காமல், வாசலில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னான். “அப்டேட்டுல தானா வந்துருக்குண்ணே. அக்கா மேல ஒரு தப்பும் இல்ல.”

பிறகு டிரம்மில் கை கழுவிக்கொண்டு போய்விட்டான். என் பெயர் பிழைத்தது, வேலையும் பிழைத்தது. நல்லவன்தான் போலிருக்கிறது, நாம்தான் அதிகம் செய்துவிட்டோம் என்று மூன்று மாதம் மனசு கேட்காமல் இருந்தேன்.

மூன்று மாதம் கழித்து வழக்கமான சர்வீஸுக்கு வந்தான். அறை நிறைய டிரைவர்கள். வந்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, “என்னக்கா, புதன்கிழமை ஏதும் அப்டேட் வந்துச்சா?” என்றான். நான் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? டீயும் வடையும் சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் இதே கேள்விதான், ஒவ்வொரு தடவையும் நான்தான் வடை வாங்குகிறேன். பழி வாங்குகிறதில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு வயிறு எரிகிறது.

இப்போதெல்லாம் அப்டேட் வந்தால் ஒவ்வொரு பெயரையும் படித்துவிட்டுத்தான் சம்மதம் கொடுக்கிறேன். அந்த ஆறெழுத்து மறுபடி ஏறவே முடியாதபடி தடுத்தும் வைத்திருக்கிறேன்.

போன தடவை அவன் வந்தபோது அந்த வயதான டிரைவரும் இருந்தார். அவன் வழக்கம்போலக் கேட்டான். பெரியவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அது என்னத்தா புதன்கிழமை? எப்பப் பாத்தாலும் இந்தத் தம்பி அதையே கேக்குது” என்றார்.

சர்வீஸ்காரன் வடையை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தி, நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்தான்.

“ஒண்ணுமில்லண்ணே. டீ ஆறுது, குடிங்க” என்றேன்.