மோந்து பார்த்து ஊற்றிய எண்ணெய்

பிரேக் வேலையை ஒழுங்காகச் செய்தால் நம்மை ஒருவரும் நினைப்பதில்லை. கெட்டுப்போனால்தான் ஊரே தேடிவரும். பழைய கார்களோடு மல்லுக்கட்டி நொந்துபோன அன்பர்களே, மெர்டேக்கா என்று மலாயா சுதந்திரம் பெற்ற ஆண்டில் காஜா பேராங்கில் இருந்த என் பட்டறைக்கு வந்த ஒரு கார், ஒரே நாளில் என் ஈரக்குலையை எத்தனை முறை நடுங்க வைத்தது என்று கேளுங்கள்.

புகையோடு வந்தவர்

புக்கிட் பாருவில் குடியிருந்த தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வேலாயுதம், போருக்கு முந்திய மோரிஸ் கார் ஒன்று வைத்திருந்தார். மெர்டேக்கா கொண்டாட்டம் பார்க்க மனைவி, பிள்ளைகளை அதில் கோலாலம்பூருக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு. புறப்படுவதற்கு முந்தின நாள் காலையில், சக்கரமெல்லாம் புகைய உள்ளே நுழைந்தார். வழி நெடுக விடாப்பிடியாகப் பிடித்திருந்த பிரேக், நிற்க வேண்டிய இடத்தில் கைவிட்டுவிட்டது. டயர் குவியலில் மோதித்தான் கார் நின்றது. நான் கொஞ்சம் தள்ளி நின்றதால் பிழைத்தேன்.

பிரேக் எண்ணெய் குறைந்திருந்ததாம். கடைக்குப் போக அலுப்பு. வீட்டில் இருந்த விளக்கெண்ணெயை ஊற்றியிருக்கிறார்! அந்தக் காலத்து பிரேக் எண்ணெயில் விளக்கெண்ணெய் சேர்மானம் உண்டுதான். அதற்காகப் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுப்பதையா காருக்கும் கொடுப்பது? அவரோ, பட்டறை முதலாளியான என்னைத் தவுக்கே என்று விளித்துப் பெருமையாகச் சொன்னார்: "சும்மா ஊத்தல தவுக்கே, மோந்து பாத்துத்தான் ஊத்தினேன். ரெண்டும் ஒரே வாசம்!"

ஊதிப்போன ரப்பர்

பெடலை மிதித்தால் எண்ணெயை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினேன். உள்ளே இருக்கும் ரப்பர் கப்பு வெளியே வர மறுத்தது. இழுத்துப் பிடுங்கினால், ஊறவைத்த அப்பளம்போல் ஊதி, தொட்ட இடமெல்லாம் பிய்ந்தது. வெறும் விளக்கெண்ணெய் ரப்பரை இந்தப் பாடு படுத்தாதே! குடைந்து கேட்டதில் உண்மை வந்தது. எண்ணெய் கெட்டியாக இருந்ததால் இறங்கவில்லையாம். இளக்கத்துக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தாராம். ரப்பருக்கு அதைவிடப் பெரிய எமன் கிடையாது. இந்த பிரேக்கை நம்பி மறுநாள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போக இருந்தார் மனிதர்!

என்னோடு வேலை செய்த நாராயணன், தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ் வம்சத்தார் வாழும் சிட்டி கம்பத்துக்காரன். தமிழ் புரியும், ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். பிய்ந்த ரப்பரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இது ரப்பரா பலகாரமா என்று கிராணியிடமே கேட்டான்: "இனி கெத்தா கா, குவே கா?"

பெடலை மிதித்தவர்

குழாய்களைச் சுத்தம் செய்தோம். சிலிண்டர்களுக்கெல்லாம் புது ரப்பர் போட்டு, நல்ல எண்ணெய் ஊற்றினோம். பிறகு குழாய்களில் சிக்கிய காற்றை எடுக்க வேண்டும். கிராணி உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, நான் காருக்கடியில் படுத்து ஸ்குரூவைத் திறந்து மூடினேன். காற்றுக் குமிழி நிற்கும் சமயம், பேச்சுக்குத்தான் கேட்டேன், மண்ணெண்ணெயை எதில் கலந்தீர்கள் என்று. விளக்கெண்ணெய்ப் போத்தலிலேயே என்றார். மிச்சம் எங்கே என்றேன்.

பெடல் நின்றுவிட்டது. வெளியே வந்து பார்த்தால், மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. "அடுப்படி அலமாரியிலதான் வச்சேன், தவுக்கே. பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. இன்னிக்கு பிள்ளைங்களுக்கு விளக்கெண்ணெய் குடுக்கறேன்னு வீட்டுக்காரி சொல்லிக்கிட்டு இருந்தா!"

அடுப்படியில்

என் மோட்டார் சைக்கிளில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புக்கிட் பாருவுக்குப் பறந்தேன். வழியெல்லாம் அவர் முருகா முருகா என்று என் சட்டையைக் கசக்கினார். வாசலில் பிள்ளைகள் ஒருவரும் இல்லை. செருப்போடு அடுப்படிக்குள் ஓடினோம். மூன்று பிள்ளைகளும் மூக்கைப் பிடித்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் கரண்டி. போத்தல் காலியாகக் கிடந்தது.

கிராணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "குடிச்சிட்டாங்களா?" என்று நான்தான் கேட்டேன்; அவர் மோந்து பார்த்து பிரேக்குக்கு ஊற்றிய கதையையும் சொன்னேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், விஷயம் விளங்கிவிட்டது.

"நானும் மோந்துதாங்க பாத்தேன், ஒரே மண்ணெண்ணெய் நாத்தம். கால்வாயில கொட்டிட்டு, பெரியவனைக் கடைக்கு அனுப்பிப் புதுசு வாங்கிக் குடுத்தேன். நீங்க மோந்து பாத்துட்டு காருல ஊத்தினீங்களாக்கும்?"

மறுநாள் மோரிஸ் நல்ல பிரேக்கோடு கோலாலம்பூருக்குப் போய்த் திரும்பியது என்றாலும், பிரேக் கெட்டு வரும் எந்தக் காரைத் தொடும் முன்பும் நான் கேட்கும் முதல் கேள்வி, "எண்ணெயை மோந்து பார்த்தது நீங்களா, வீட்டம்மாவா?" என்பதுதான்.