ஐந்து பேர், இரண்டு இரவு

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர்தான் ஜெராக்ஸ் கடை, கம்ப்யூட்டர் வேலைதான் அதிகம். சாதிச் சான்றிதழுக்கு மனுப் போடுவது, வேலைக்கு விண்ணப்பம் போடுவது, ரயில் டிக்கெட் எடுப்பது என்று காலையிலிருந்து யாராவது வந்து நிற்பார்கள். எந்த இணையப் பக்கம் எங்கே மாட்டிக்கொள்ளும், எந்தப் பட்டனை இரண்டு முறை அழுத்தக் கூடாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஊரில் எத்தனையோ பேருடைய பயணத்துக்கு நான் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்துக்கென்று எடுத்தது அந்த ஒரு முறைதான்.

ஒரு சனிக்கிழமை என் மகள் கடைக்கு வந்திருந்தாள். ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு வாத்தியார் குடும்பத்துக்கு நான் அறை பார்த்துக்கொண்டிருந்த திரையை எட்டிப் பார்த்தவள், அப்படியே நின்றுவிட்டாள். சென்னைப் பக்கம் ஒரு பெரிய தீம் பார்க். ராட்டினங்கள், தண்ணீர்ச் சறுக்குகள், கடல் மாதிரியே அலையடிக்கும் குளம், தங்குவதற்கு உள்ளேயே ரிசார்ட். அன்று மாலை பஸ்ஸில் ரிஷிவந்தியம் வரைக்கும் அவள் பேசியது அதைப் பற்றித்தான்.

"குளிக்கணும்னா கல்வராயன் மலையில அருவி இருக்குதே. வண்டியில போனா காலையில போய்ட்டு மத்தியானம் வந்துடலாம்" என்றார் என் கணவர்.

"அருவியில சறுக்கு இருக்குதாப்பா?"

மூன்றாவது படிக்கும் மகனும் அக்காவோடு சேர்ந்துகொண்டான். ஒரு மாதம் இதே பேச்சு. கடைசியில் அவர், "சரி, அரையாண்டு லீவுல போலாம். நீயே பாத்துப் போட்டுடு" என்று என்னிடம் சொன்னார்.

நாங்கள் நான்கு பேர் என்றுதான் கணக்கு. அன்று இரவு சாப்பாட்டில் மாமா, என் கணவரின் அப்பா, சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "நானும் வரன்" என்றார்.

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம். நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் பதின்மூன்று வருடம். மாமா தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அத்தை இறந்த பிறகு இன்னும் குறைந்துபோனார். மூன்று ஏக்கர் கரும்பு, இரண்டு மாடு, ஒரு டிரான்சிஸ்டர். அவருடைய உலகம் அவ்வளவுதான்.

"அலை வருதுன்னு சொல்றாங்களே, மோட்டார் போட்டா எழுப்பறாங்க?" என்று கேட்டார்.

"ஆமா மாமா, மிஷினு வச்சுதான்."

"அதப் பாக்கணும்."

மறுநாளே ஐந்து பேர், இரண்டு இரவு என்று முன்பதிவு செய்தேன். செவ்வாய்க்கிழமை போய் வியாழக்கிழமை திரும்புவதாகத் திட்டம். அடுத்த மூன்று வாரம் வீட்டில் நடந்ததெல்லாம் ஏற்பாடுதான். மகள் ஒரு நோட்டில் எந்த ராட்டினத்துக்கு முதலில் ஓட வேண்டும், எதற்கு வரிசை நீளமாக இருக்கும் என்று படம் போட்டு வைத்தாள். மாட்டைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி வைத்தோம்.

மாமாவால்தான் ஒரு சிக்கல் வந்தது. குளத்தில் இறங்க நைலான் துணிதான் போட வேண்டுமாம். நான் ரிசார்ட்டுக்குப் போன் போட்டு, "பெரியவர் ஒருத்தர் வர்றாருங்க, வேட்டி கட்டிக்கினு இறங்கலாமா?" என்று கேட்டேன். கடையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். மறுமுனையில் இருந்த பெண் சிரிக்காமல், "சாரி மேடம், நைலான் மட்டும்தான்" என்றாள்.

கடைத்தெருவில் தேடி ஒரு நீலநிறக் கால்சட்டை வாங்கினேன், முட்டிவரைக்கும் வருகிற மாதிரி. மாமா கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தார். வெகுநேரம் கழித்து அதற்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். மாமாவும் சிரித்தார். "போலீஸ்காரன் மாதிரி இருக்குதாடா?" என்று அவனைக் கேட்டார். அந்த வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, பைகளில் துணி அடுக்கி முடித்த நேரம், சர்க்கரை மில்லின் கரும்பு ஆள் பைக்கில் வந்து வாசலில் நின்றார். எங்கள் கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை.

கரும்பு வைத்திருக்கும் வீடுகளுக்கு இது என்னவென்று தெரியும். மில் எப்போது சொல்கிறதோ அப்போதுதான் வெட்ட முடியும். விட்டால் அடுத்த முறை எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது. அதற்குள் கரும்பு பூத்து, சக்கையாகி, எடை போய்விடும். எங்கள் கரும்பு ஏற்கெனவே பூக்க ஆரம்பித்திருந்தது.

"ரெண்டு நாள் தள்ளிப் போட முடியாதுங்களா?" என்று நான் கேட்டேன்.

"என் கையில இல்லம்மா. வெட்டற ஆளுங்க மலையிலேருந்து எறங்கிட்டாங்க. உங்களுத முடிச்சிட்டு எலவனாசூர்கோட்டைப் பக்கம் போறாங்க" என்றார் அவர். அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. அவருக்கு மேலேயும் யாரோ இருந்தார்கள்.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தோம். மாமாதான் முதலில் பேசினார். "நீங்க நாலு பேரும் போங்க. நான் வெட்டப் பாத்துக்கறன்."

"ரத்தக்கொதிப்ப வச்சிக்கினு நீ வெயில்ல நிப்பியா? சும்மா இருப்பா" என்றார் என் கணவர்.

"அப்ப நீங்க இருங்க. நானும் மாமாவும் புள்ளைங்களக் கூட்டிக்கினு போயிட்டு வர்றம்" என்றேன். சொல்லும்போதே அது நடக்காது என்று எனக்குத் தெரிந்தது.

"வெட்டுன்னா நான் வயல்ல இல்லாம எப்படிம்மா?" என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதைப் போலச் சொன்னார்.

இன்றைக்கு நினைத்தால், கொஞ்சம் பிடிவாதம் பிடித்திருந்தால் அவர் வந்திருப்பாரோ என்று தோன்றுகிறது. இன்னொரு முறை கேட்டிருக்கலாம். அவர் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். நான் எழுந்துபோய்ப் பைகளைப் பிரித்துத் துணியை வெளியே எடுத்தேன். மகள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, எடுத்த துணியை மடித்து அலமாரியில் வைத்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பரவால்லம்மா, மே மாசம் போலாம்" என்று எனக்கு அவள் சமாதானம் சொன்னாள்.

மறுநாள் கடையிலிருந்து ரிசார்ட்டுக்குப் போன் போட்டேன். பணம் திரும்பக் கிடைக்காது, ஒரே ஒரு முறை தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். மே மாதம் இரண்டாவது வாரத்துக்கு மாற்றினேன். பேர்களைச் சரிபார்க்கச் சொன்னார்கள். ஐந்து பேரையும் வாசித்தார்கள். சரி என்றேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் வெட்டு ஆரம்பித்தது. மலையிலிருந்து வந்தவர்கள் ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து பேர் இருப்பார்கள். நான் அவர்களுக்கு டீ கொண்டுபோனபோது, மாமா வரப்பில் நின்று, "அடியோட ஒட்டி வெட்டுங்க" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஏமாற்றம் இருந்ததா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

மாசி மாதம் ஒரு காலையில் மாமா பால் கறந்துகொண்டிருந்தார். சொம்பு உருளும் சத்தம் கேட்டு நான் கொட்டகைக்கு ஓடினேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பால் அவர் வேட்டியை நனைத்து ஓடியது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், ஒரு எழுத்தும் விளங்கவில்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி என்று பதினெட்டு நாள். உயிர் தப்பினார். வலது கையும் வலது காலும் திரும்பவில்லை. பேச்சில் "ம்" மட்டும் மிஞ்சியது.

நான் கடை வேலையை விட்டேன். கட்டிலில் கிடப்பவர்களை அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வந்துவிடும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். ஒருவரால் முடியாது, இரண்டு பேர் வேண்டும். என் கணவர் வயலில் இருக்கும் நேரமெல்லாம் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுவேன். வேறு நினைப்புக்கு இடமில்லாமல் நாட்கள் போயின.

மே மாதம் வந்ததே எனக்கு உறைக்கவில்லை. பிள்ளைகளுக்கு உறைத்திருந்தும் அவர்கள் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது வாரத்தில் ஒரு பிற்பகல், மாமாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது.

"குட் ஆஃப்டர்நூன் மேடம். இன்னைக்கு உங்களுக்கு ரூம் புக் ஆகியிருக்கு. ஐந்து பேர், இரண்டு இரவு. எத்தன மணிக்கு வருவீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

"நாங்க வரலைங்க" என்றேன்.

"மேடம், இது ஏற்கெனவே ஒருமுறை மாத்தின புக்கிங். வரலேன்னா திரும்ப மாத்த முடியாது. என்ன காரணம்னு சொல்றீங்களா? நான் பதிவு பண்ணணும்."

"வூட்ல பெரியவருக்கு உடம்பு சரியில்லைங்க. வாதம் வந்து படுத்துட்டாரு."

பிறகு அதே குரல், வேறு மாதிரி கேட்டது. "நீங்க எந்த ஊருங்க்கா?"

"ரிஷிவந்தியம் பக்கம்."

"நான் திருநாவலூருங்க. உங்க பேச்சக் கேட்டதுமே நம்ம பக்கம்னு நெனச்சன். இருங்க்கா, மேனேஜரக் கேட்டுப் பாக்கறன்."

நான் காத்திருந்தேன். போனில் ஏதோ இசை ஓடியது. உள்ளே மாமா இருமும் சத்தம் கேட்டது. தேதியை மாற்றினால்கூட யார் போகப்போகிறோம்? ஆனாலும் அந்தப் பெண் நல்ல பதிலோடு வர வேண்டும் என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது.

அவள் திரும்பி வந்தாள். "முடியாதுன்னுட்டாருங்க்கா. நானும் ரெண்டு தடவ கேட்டன். மன்னிச்சிக்கோங்க."

"நீ இன்னாம்மா பண்ணுவ" என்றேன். அவளும் உடனே வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. கடைசியில் யார் வைத்தது என்று ஞாபகமில்லை.

சாயங்காலம் என் கணவர் வயலிலிருந்து வந்ததும் சொன்னேன். "இன்னைக்கா?" என்று கேட்டார். பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க் கை கால் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவியதைப் பார்த்துவிட்டு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

மாமாவைப் புரட்டும் நேரம் வந்தது. நான் தோளைப் பிடித்தேன், என் கணவர் இடுப்பைப் பிடித்தார். மாமா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மகள் வந்து, யாரும் கூப்பிடாமலே, தாத்தாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு, ரெண்டு" என்றார் என் கணவர். மூன்று பேருமாகச் சேர்ந்து மாமாவைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தோம்.