மீனெண்ணெய் பூசிய பிக்கப்

என் புருஷன் முகம்மது சுல்தானுக்கு வாய் நீளம். கடல் தாண்டிப் போய் ஈப்போவில் ரப்பர் தோட்டத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், ஐம்பதாம் வருஷம் கோட்டைப்பட்டினத்துக்குத் திரும்பி வந்தார். வந்த அன்றைக்கே கடைத்தெருவில் நின்று, இந்த ஊர் மீன் இனிமேல் மாட்டு வண்டியில் போகாது, மோட்டாரில்தான் போகும் என்று சொல்லிவிட்டார். மோட்டார் எங்கே என்று கேட்டவர்களிடம், வரும் என்றார். அவ்வளவுதான் பதில். ஊரே சிரித்தது. வீட்டுக்குள் இருந்துகொண்டு நானும் சிரித்தேன். ஆனால் என் சிரிப்பு வேறு.

அவர் எனக்கு மாமி மகன், கட்டிக்கிற முறை. மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். ரம்லத்துக்கு சுல்தான் என்று நான் பாவாடை கட்டிய நாளிலிருந்தே பேச்சு. எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆசையோ ஆசை. அவர் சைக்கிள் மணி எது, மற்றவர்கள் மணி எது என்று அடுப்படியில் இருந்தே எனக்குத் தெரியும்.

என் வாப்பா கலீல் ரஹ்மான்தான் நடுவில் நின்றார். அவர் ஓடாவி, அதாவது படகு கட்டுகிற தச்சர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவருக்கும் மச்சானுக்கும் எப்படி ஒத்துப்போகும்? அந்த நேரம் பார்த்து ஜெகதாப்பட்டினத்து அரிசி மண்டிக்காரர் ஒருவர் என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் வண்டி வந்தது. மோட்டாராக வரவில்லை, இரண்டு ஜோடி மாடு இழுத்து வந்தது. அறந்தாங்கியில் ஒரு மில்லுக்குப் பின்னால், சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் நிறுத்திவைத்த பிக்கப். எட்டு வருஷமாக அதில் கோழி அடைந்திருந்தது. டயர் இல்லை, மேல்கூரை இல்லை, பின்னால் சாமான் ஏற்றும் பலகை மொத்தமும் கரையான் தின்றது போக ஆணி மட்டும் மிச்சம். சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. மச்சான் அதன் முன்னால் ஏதோ புதுப்பெண்ணை அழைத்து வருகிறவர் மாதிரி நடந்து வந்தார். வெட்கம் என்பது கொஞ்சமாவது வேண்டாமா மனுஷனுக்கு!

வாப்பா வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு அந்த வருஷத்திலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

"இது ஓடி, புதுக்கோட்டைக்குப் போயி, பிரேக் இன்ஸ்பெக்டர் கையெழுத்தோட நோன்புப் பெறைக்குள்ள திரும்பி வரட்டும். எம் மகளத் தாரேன். இல்லாட்டி மண்டிக்காரருக்குச் சரின்னு சொல்லிருவேன்."

ரம்ஜான் நோன்பு தொடங்குகிற அந்தப் பிறைக்கு நாலு மாதம் இருந்தது.

எங்கள் வீட்டை ஒட்டித்தான் வாப்பாவின் படகுக் கொட்டகை. வண்டியை நிறுத்த வேறு இடம் இல்லாததால் அங்கேயே தள்ளினார்கள். நடுவில் ஒரு கீற்றுத் தட்டிதான் மறைப்பு. அந்தத் தட்டியில் எத்தனை ஓட்டை இருந்தது என்று என்னைக் கேட்டால் சொல்வேன், பாதி நான் போட்டது. பிஸ்டன், ரிங், கார்புரேட்டர், கிளட்ச் எல்லாம் எனக்கு அங்கே நின்று பாடமானதுதான். மச்சான் சிலிண்டருக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நாள் ஊறவைத்தார். துருப்பிடித்து இறுகிக் கிடந்த எஞ்சின் பதினோராம் நாள் ஹேண்டிலுக்கு அரைச் சுற்று அசைந்தது. அவர் போட்ட கூத்தில் உம்மா பால்சட்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

வாப்பா இரண்டு வாரம் அந்தப் பக்கம் தலை திருப்பவில்லை. மூன்றாம் வாரம் மச்சான் தன் கையாலேயே பின்பலகை அடிக்க ஆரம்பித்தார். கோணல் என்றால் அப்படி ஒரு கோணல். தொழில் தெரிந்தவனுக்கு முன்னால் மரத்தை வதைத்தால் அவன் எத்தனை நாள் சும்மா இருப்பான்? வாப்பா எழுந்து வந்து, சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு, அங்கிட்டுப் போ என்று கையைக் காட்டினார். அன்றோடு பந்தயம் வைத்தவரே வண்டி கட்டவும் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் வாப்பாவுக்குப் படகு மட்டும்தானே தெரியும். இலுப்பைப் பலகையை நேராக வைக்க அவருக்குக் கை வரவில்லை. இரண்டு பக்கமும் மேலே வளைந்து ஏறிவிட்டது. இடுக்கு இடுக்காகப் பஞ்சை அடைத்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றினார். முன்னால் நின்று பார்த்தால் பிக்கப், பின்னால் நின்று பார்த்தால் வள்ளம். ரேடியேட்டர் ஓட்டையையும் அதே குங்கிலியத்தால் அடைத்தார். முதன்முதலில் எஞ்சின் ஓடிய அன்று தண்ணீர் கொதித்து, குங்கிலியம் உருகி, நீரூற்று மாதிரி பீய்ச்சி அடித்தது. மாமனும் மருமகனும் தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றார்கள். மச்சான் சிரித்தார். வாப்பாவும் சிரித்தார், என் கண்ணால் பார்த்தேன். பிறகு ஈயம் பூசுகிறவரை அழைத்து வந்து பற்று வைத்தார்கள்.

திருச்சிக்கு மூன்று தடவை போய் வாங்கிய சாமான், எங்கிருந்தோ பிடித்த டயர், புது பிரேக் கம்பி என்று வண்டி தயாரானபோது பிறைக்கு நாலே நாள். மறுநாள் புதுக்கோட்டைப் பயணம். அன்று மத்தியானம் மச்சான் தொழுகைக்குப் போன நேரத்தில் வாப்பா ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சுறா ஈரலை உருக்கி எடுத்த மீனெண்ணெய். படகுக்குப் பூசுவது போலவே பலகைக்கு, மட்கார்டுக்கு, கதவுக்கு, உள்ளே சீட்டுக்கு அடியில் எல்லாம் மூன்று கை பூசினார். எங்கள் யாருக்கும் அது தப்பாகவே படவில்லை. அந்த எண்ணெயில் பிறந்து வளர்ந்த மூக்குக்கு அது ஒரு வாடையா? ஊர்ப் பூனைகள் வரிசையாக வந்து மட்கார்டை நக்கின. அப்போதாவது எங்கள் புத்திக்கு எட்டியிருக்க வேண்டும்.

விடியக்காலம் சுபுஹுத் தொழுதுவிட்டுப் புறப்பட்டார்கள். மச்சானோடு மீன் வியாபாரி வீரய்யா அண்ணனும் போனார். நடந்ததை எல்லாம் பிறகு சொன்னவர் அவர்தான். வைகாசி வெயிலில் தகரம் சுடச் சுட எண்ணெய் கொதிக்க ஆரம்பித்திருக்கிறது. அறந்தாங்கியில் டீ குடிக்க நிறுத்தினால், கடையில் இருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். புதுக்கோட்டையில் பிரேக் இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்தார். ஒரு காலைத் தூக்கி வைத்தார். வைத்த காலை அப்படியே எடுத்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போய், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார். ஏறி உட்கார்ந்து ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது, இதில் மனுஷன் ஏற முடியாது, கழுவிக்கொண்டு அடுத்த வியாழக்கிழமை வா என்றாராம். அதற்குள் ஆபீஸ் பூனை இரண்டு பலகைமேல் ஏறிப் படுத்துவிட்டனவாம். மச்சான் கெஞ்சியிருக்கிறார், ஈப்போவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், என்னைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். என்ன சொல்லி என்ன?

அடுத்த வியாழன் வருவதற்குள் பிறை வந்துவிடும்.

அந்த வண்டி பிறகு சீயக்காய் போட்டுக் கழுவி, பாஸாகி, அறுபத்து மூன்று வரைக்கும் தினமும் மீன் ஏற்றிக்கொண்டு அறந்தாங்கி போய் வந்தது. கோட்டைப்பட்டினத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலம் நடந்ததை.

அசர் பாங்கு சொல்லும் நேரம் வண்டி திரும்பியது. மச்சான் கொட்டகை வாசலில் நிறுத்திவிட்டு, கப்பல் கவிழ்ந்தவர் மாதிரி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வீரய்யா அண்ணன் சொல்லச் சொல்லத் தெருவே கூடிவிட்டது. ஓடாவி வேணுமென்றே பூசியிருக்கிறார், மகளைக் கொடுக்க மனசில்லாமல் செய்த வேலை என்று கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. நாலு மாதம் ஓட்டை வழியாகப் பார்த்த தட்டியை ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் போய் நின்றேன். உம்மா பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் நிற்கவில்லை.

"வாப்பா, வேணும்னுதானே பூசுனீங்க? எனக்குப் புடிச்சிருக்குன்னு தெரிஞ்சும் பூசுனீங்கல்ல?"

வாப்பாவிடம் அதற்கு முன்னால் நான் அப்படிப் பேசியதே இல்லை. அடி விழும் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார். வளைந்த பலகையை உள்ளங்கையால் தடவினார்.

"கடல்காத்து இரும்பத் தின்னுரும்மா," என்றார். "எம் மக காலம் பூரா ஏறிப்போற வண்டி. துருப்புடிச்சுறக் கூடாதுன்னு பூசுனேன்."

கையெழுத்து, பிறை, மண்டிக்காரர் என்ற கவலையெல்லாம் எங்களுக்குத்தான் இருந்திருக்கிறது. பானையைத் தூக்கிக்கொண்டு வந்தபோதே அவர் மனசுக்குள் நான் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இந்த மனுஷனைப் போய்த் தெருவுக்கு முன்னால் அப்படிக் கேட்டுவிட்டேனே என்று நெஞ்சு வலித்தது.

வாப்பா நடந்து போய் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"இன்ஸ்பெக்டர் ஏறாட்டிப் போறாரு. நீ ஏறுவியாம்மா?"

தெரு மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வாப்பா தோளில் கை ஊன்றி ஏறினேன். சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அழுதேன்.